யூஎஸ்பி டிரைவில் முழுமையான லினக்ஸ்: எந்தக் கணினியிலும் தொடங்கும்படி நிறுவும் முறை

கணினியின் உள்ளே இருக்கும் விண்டோஸையும் அதன் கோப்புகளையும் தொடாமல், நமக்கென ஓர் இயங்குதளத்தையும் நமக்குத் தேவையான மென்பொருள்களையும் ஒரு யூஎஸ்பி டிரைவில் வைத்துக்கொண்டு, எந்தக் கணினி கிடைக்கிறதோ அதில் செருகி வேலை செய்ய முடியும். அதற்கான வழிமுறையை, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-ஐ எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன். இதுவரை லினக்ஸையே நிறுவியிராதவர்களும் இதைப் பின்பற்றலாம். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் சிறு நிரலான பூட் லோடர் எந்த டிஸ்கில் போய் அமர்கிறது என்பதே அந்த இடம். அது கணினியின் உள் டிஸ்கில் அமர்ந்துவிட்டால், உங்கள் டிரைவ் வேறு கணினிகளில் தொடங்காது. டிரைவைக் கழற்றியபின் அந்தக் கணினியும் விண்டோஸுக்குச் செல்லாமல், கிரப் என்ற எழுத்துகளைக் காட்டும் கறுப்புத் திரையில் நின்றுவிடக்கூடும். ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எந்த வகை உங்களுக்கு வேண்டும்?

யூஎஸ்பியிலிருந்து இயங்குதளத்தை இயக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எதையும் நிறுவாமலே இயக்கும் லைவ் முறை. 2000-ஆம் ஆண்டில் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ், குறுந்தட்டிலிருந்தே முழு லினக்ஸையும் இயக்கிக் காட்டி இம்முறையைப் பரவலாக்கியது. இதில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் கணினியை நிறுத்தியதும் மறைந்துவிடும். இரண்டாவது, அதே லைவ் முறையுடன் மாற்றங்களைச் சேமிக்க ஒரு தனி இடத்தை ஒதுக்கும் பெர்சிஸ்டென்ஸ் முறை. இது எளிது, ரூஃபஸ் போன்ற கருவிகளிலேயே செய்துவிடலாம். ஆயினும் அடிப்படை இயங்குதளம் சுருக்கப்பட்ட, மாற்ற முடியாத ஒரே கோப்பாக இருப்பதால், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் புதுப்பிப்புகள் இதில் சரியாக நடைமுறைக்கு வருவதில்லை. மூன்றாவது, உள் டிஸ்கில் நிறுவுவதைப் போலவே வெளி டிரைவில் முழுமையாக நிறுவுவது. தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. புதுப்பிப்புகள் இயல்பாக நடக்கும், இடமும் வீணாகாது.

விண்டோஸிலும் ‘விண்டோஸ் டு கோ’ என்ற பெயரில் இத்தகைய வசதி 2012-இல் விண்டோஸ் 8-இன் எண்டர்பிரைஸ் பதிப்புடன் வந்தது. 2020-இல் வெளியான விண்டோஸ் 10-இன் ‘2004’ என்று எண்ணிட்ட பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

தேவையானவை

இரண்டு யூஎஸ்பி டிரைவ்கள் வேண்டும். ஒன்று, நிறுவல் கோப்பை ஏற்றுவதற்கான 4 அல்லது 8 ஜிபி பென் டிரைவ். இது வேலை முடிந்ததும் மீண்டும் உங்களுக்குப் பயன்படும். மற்றொன்று, இயங்குதளம் குடியேறப் போகும் டிரைவ். மின்ட் 22-க்குக் குறைந்தது 20 ஜிபி இடமும் 2 ஜிபி ரேமும் தேவை என்றாலும், 64 ஜிபிக்குக் குறைந்த டிரைவை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிந்தால் பென் டிரைவுக்குப் பதிலாக வெளி எஸ்எஸ்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பதில் மலிவான பென் டிரைவும் ஓரளவு வேகம் காட்டும். இயங்குதளமோ நொடிக்கு நொடி நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை எழுதிப் படிப்பது. அந்த வேலையில்தான் பென் டிரைவ் திணறி, உலாவியைத் திறக்கவே காத்திருக்க வைக்கும். செருகும் துளையும் யூஎஸ்பி 3.0 வகையாக இருக்கட்டும். 2.0-வின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், 3.0-வில் அது 5 ஜிகாபிட்.

கணினி 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி கொண்டதாக இருக்க வேண்டும். எம்1 முதலான ஆப்பிளின் சொந்த செயலிகள் உள்ள மேக் கணினிகளில் இந்த டிரைவ் தொடங்காது.

நிறுவல் டிரைவைத் தயாரித்தல்

லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து சினமன் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவலுக்கானவை எல்லாம் அடங்கிய ஒரே கோப்பை, பதிவிறக்குங்கள். பதிவிறக்கம் முடிந்ததும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து அதன் பட்டியலிலேயே இந்த எண்ணைக் கணக்கிடலாம். தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாதியில் சிதைந்த கோப்பை வைத்துக்கொண்டு நிறுவினால், பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பிறகு பலேனா எட்சர் என்ற கருவியைத் திறந்து, ஐஎஸ்ஓ கோப்பையும் சிறிய பென் டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும்.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை

உங்கள் கணினியில், டிஸ்கில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும். கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அது அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை.

பூட் மெனு

சிறிய பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கும்போதே பூட் மெனுவுக்கான விசையை மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசர் கணினிகள் சிலவற்றில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் சென்று இயக்க வேண்டியிருக்கும். மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்ற சொல் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள்.

சிறிது நேரத்தில் மின்டின் மேசைத்திரை வரும். இது இன்னும் லைவ் முறைதான், எதுவும் நிறுவப்படவில்லை. வைஃபை, ஒலி, டச்பேடு ஆகியவை வேலை செய்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கை அடையாளம் காணுதல், உள் டிஸ்கைக் காத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். இயங்குதளம் போகவேண்டிய பெரிய டிரைவை இப்போது செருகி, மெனுவிலிருந்து, டிஸ்குகளைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் கருவியைத் திறவுங்கள். வலப்பக்க மூலையில் உள்ள பட்டியலில் டிஸ்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்றும், புதிய உள் எஸ்எஸ்டிகள் என்விஎம்இ என்று தொடங்கும் பெயரிலும் தெரியும். இந்தப் பெயர்கள் செருகும் வரிசைக்கேற்ப மாறக்கூடியவை. எனவே பெயரை நம்பாமல் கொள்ளளவை வைத்தே அடையாளம் காணுங்கள். 64 ஜிபி என்று விற்கப்படும் டிரைவ் இங்கே ஏறத்தாழ 58 முதல் 60 ஜிபி என்று காட்டப்படும். இன்னும் ஐயம் இருந்தால், அந்த டிரைவை மட்டும் கழற்றிவிட்டு டிஸ்க் பட்டியலை மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். எந்தப் பெயர் மறைகிறதோ அதுவே நீங்கள் தேடும் டிரைவ். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பூட் லோடர். யூஇஎஃப்ஐ கணினிகளில் பூட் லோடர், ஈஎஸ்பி எனப்படும், ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த சிறிய பார்ட்டிஷனில் (டிஸ்கின் தனிப் பகுதியில்) அமர்கிறது. மின்டின் நிறுவி, எந்த டிஸ்கில் பூட் லோடரை வைக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கும். ஆனால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், உள் டிஸ்கில் ஏற்கெனவே ஓர் ஈஎஸ்பி இருந்தால் அதிலேயே எழுதிவிடும் குறை அதில் நெடுங்காலமாக இருக்கிறது. இதைத் தவிர்க்க, நிறுவும் நேரத்துக்கு உள் டிஸ்கை நிறுவியின் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். மேசைக் கணினியானால், அதை நிறுத்திவிட்டு உள் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. சில மடிக்கணினிகளில் பயாஸிலேயே உள் டிஸ்கை அணைத்து வைக்கலாம்.

இரண்டும் இயலாவிட்டால் ஜிபார்ட்டெட்டிலேயே ஒரு வழி உண்டு. உள் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, அதில் ஈஎஸ்பி என்ற கொடியுடன் (அடையாளக் குறியுடன்) உள்ள, பொதுவாக 100 முதல் 500 எம்பி அளவிலான பார்ட்டிஷனில் வலப்பக்கச் சொடுக்கு செய்து, ‘மேனேஜ் ஃபிளாக்ஸ்’ என்பதைத் திறந்து, பூட், ஈஎஸ்பி ஆகிய இரண்டு கொடிகளையும் நீக்குங்கள். தரவு எதுவும் அழியாது. அது பூட் பார்ட்டிஷன் என்ற அடையாளம் மட்டுமே தற்காலிகமாக மறையும். எந்தப் பார்ட்டிஷனில் நீக்கினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நிறுவி முடித்ததும், கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன்பாகவே, அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும்.

பார்ட்டிஷன்களும் நிறுவலும்

பெரிய டிரைவைத் தேர்ந்தெடுத்து, டிவைஸ் மெனுவில், பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் புதிய ஜிபிடி அட்டவணையை உருவாக்குங்கள். அதில் முதலில் 512 எம்பி அளவில் ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனை அமைத்து, அதற்குப் பூட், ஈஎஸ்பி கொடிகளை இடுங்கள். மீதி இடம் முழுவதையும் லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஆக்கலாம். விண்டோஸிலும் திறக்கக்கூடிய பொதுவான இடம் வேண்டுமென்றால், கொஞ்சம் ஒதுக்கி அதை எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள்.

இனி மேசைத்திரையில் உள்ள ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ சின்னத்தைத் திறவுங்கள். மொழி, விசைப்பலகை ஆகியவற்றைக் கடந்து நிறுவல் வகை கேட்கப்படும்போது, கட்டாயம் ‘சம்திங் எல்ஸ்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை இருமுறை சொடுக்கி, அதன் மவுண்ட் பாயின்ட்டாக (அது இணையும் இடமாக) ‘/’ என்ற ஒற்றைச் சாய்கோட்டைக் குறியுங்கள். கீழே பூட் லோடருக்கான டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் நீங்கள் தாளில் குறித்த டிரைவைக் கொடுங்கள். ‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தியதும் மாற்றப்படும் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். அதில் உள் டிஸ்கின் பெயர் ஓரிடத்தில் வந்தாலும் பின்வாங்கிவிடுங்கள்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கத்தில், உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை, கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் பெட்டியைத் தேர்வு செய்யுங்கள். சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் டிரைவ் தொலைந்துபோகவும் கூடும் என்பதால் இதை நான் வலியுறுத்துகிறேன்.

மறுதொடக்கத்துக்கு முன்

நிறுவல் முடிந்ததும் ‘கன்டினியூ டெஸ்டிங்’ என்பதை அழுத்தி லைவ் முறையிலேயே இருங்கள். முன்பு கொடிகளை நீக்கியிருந்தால், ஜிபார்ட்டெட்டில் அவற்றைத் திரும்ப இடுங்கள். அடுத்து புதிய டிரைவின் 512 எம்பி பார்ட்டிஷனைத் திறந்து பாருங்கள். அதில் இஎஃப்ஐ என்ற கோப்புறையும், அதனுள் உபுண்டு, பூட் என்ற இரு கோப்புறைகளும் இருக்க வேண்டும். மின்ட், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அந்தப் பெயர் வருகிறது. முன்பின் அறியாத கணினி ஒன்று வெளி டிரைவில் தேடும் கோப்பு, பூட் கோப்புறையில் உள்ள பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ ஒன்றுதான். அந்தக் கோப்புறை இல்லையென்றால் நீங்களே உருவாக்கி, உபுண்டு கோப்புறையிலிருந்து ஷிம்எக்ஸ்64, கிரப்எக்ஸ்64 என்ற இரு கோப்புகளையும் அதில் நகலெடுத்து, ஷிம் கோப்பின் பெயரை மட்டும் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்று மாற்றுங்கள். மூல உபுண்டு கோப்புறையை அழிக்கக் கூடாது. மின்டின் பூட் லோடரான கிரப், தன் அமைப்புக் கோப்பை அங்கேதான் தேடும். இந்த ஷிம் கோப்பு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது. ஆதலால் பெரும்பாலான கணினிகளில், கையொப்பமற்ற நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைக்காமலே தொடங்கலாம்.

இப்போது கணினியை நிறுத்தி, இரண்டு டிரைவ்களையும் கழற்றி, உள் டிஸ்கின் கேபிளைக் கழற்றியோ பயாஸில் அணைத்தோ வைத்திருந்தால் அதை முன்போல் ஆக்கி, விண்டோஸ் வழக்கம்போல் வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். அதன் பிறகு புதிய டிரைவை மட்டும் செருகி, பூட் மெனு வழியாகத் தொடங்குங்கள். முடிந்தால் வேறொரு கணினியிலும் ஒருமுறை தொடங்கிப் பார்த்துவிடுங்கள்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

என்விடியா வரைகலை அட்டைக்கான தனியுரிமை டிரைவரை இதில் நிறுவ வேண்டாம். ஒரு கணினிக்குப் பொருந்துவது அடுத்த கணினியில் திரையையே வரவிடாமல் செய்யக்கூடும். கோப்புகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவு செய்யாதிருக்க, பார்ட்டிஷன்கள் எப்படி இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எக்ஸ்ட்4 வரியில் நோஏடைம் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எழுதும் வேலை குறையும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் தவறான நேரம் காட்டினால் அஞ்ச வேண்டாம். கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமான யூடிசி நேரமாகவும் கருதுவதே காரணம். விண்டோஸின் நேர அமைப்பில் ஒருமுறை ‘சிங்க் நவ்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் இயங்கும்போது இந்த டிரைவைச் செருகினால், எக்ஸ்ட்4 பகுதியைப் படிக்கத் தெரியாத விண்டோஸ், டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கக்கூடும். அந்தச் செய்தியில் எப்போதும் ‘கேன்சல்’ என்பதையே அழுத்துங்கள். அந்தக் கணினியைப் பிறரும் பயன்படுத்துகிறார்கள் என்றால் அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.