கருவிழி மாற்றிய கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று விட்டுவிடாதீர்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது கிளை பட்டு, என் சித்தப்பாவின் இடது கருவிழி (கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் இருக்கும் படலம்) புண்ணாகித் தழும்பேறிவிட்டது. கருவிழி மாற்றினார்கள். எட்டாம் மாதம் கண் சிவந்தது, வெளிச்சம் கூசியது. ‘மெட்ராஸ் ஐ’தான் என்று மருந்துக்கடையில் சொட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு ஐந்து நாள் இருந்துவிட்டார். சேலத்துக்கு இறங்கி வந்து காட்டியபோதுதான் தெரிந்தது, புதிய கருவிழியை உடல் ஏற்க மறுக்கிறது என்று.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் அந்நியத் திசுவை உடல் சட்டென்று அடையாளம் காண்பதில்லை. எதிர்ப்பை அடக்கும் இன்றைய மருந்துகள் இல்லாத 1905லேயே எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் செய்த கருவிழி மாற்றம் பலித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழைய புண்ணால் கருவிழிக்குள் குழாய்கள் வளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். நிராகரிப்பில் உள் அடுக்குச் செல்கள் அழிகின்றன. அவை மறுபடி பெருகுவதில்லை. சிவப்பு, கூச்சம், வலி, மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் போனால் உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டை அடிக்கடி விட்டுப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

“நன்றாகத்தான் தெரிகிறதே, இனி எதற்குச் சொட்டு மருந்து?” என்று, கருவிழி மாற்றியபின் தரும் ஸ்டீராய்டு சொட்டைத் தாமாகவே நிறுத்துவதுதான் பெரிய தவறு என்பேன். டாக்டர் அதை மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்; சிலருக்கு ஒரு சொட்டு வருடக்கணக்கில் தொடரும். சரி, பழைய சீட்டைக் காட்டி நாமே வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கலாமா? அதுவும் ஆபத்து. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றலாம். அது வலியே இல்லாமல் பார்வை நரம்பைத் தின்றுவிடும். பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும்.

தூசி விழுந்தது போல் உறுத்தினால் கசக்காதீர்கள். தையல் நூல் தளர்ந்திருக்கலாம், அதுவே நிராகரிப்பைத் தூண்டும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் மங்கலை மறைத்துவிடும். சித்தப்பாவின் கண் ஒருவழியாகத் தெளிந்தது. இப்போதெல்லாம் அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நாள்காட்டித் தேதியைப் படித்துப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்குக் கிளம்புகிறார்.