அடுக்ககத்துத் தண்ணீர்க் கணக்கிலிருந்து கார்பன் கணக்குக்கு: ஒரு செய்முறை

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கணிதமும் செயற்கை நுண்ணறிவும் எப்படி உதவும் என்று கேட்டால், வானிலை மாதிரிகளைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். பெங்களூரில் ஓர் அடுக்ககத்தின் சங்கப் பொறுப்பில் இருப்பவருக்கு அவை எட்டாத தொலைவு. அவரிடம் இருப்பவை காவேரித் தண்ணீர் ரசீதுகள், டேங்கர் வந்துபோனதைக் காவலாளி குறித்துவைக்கும் பதிவேடு, பொதுப் பகுதி மின்கட்டண பில் ஆகியவைதாம். இவற்றைக் கொண்டே கார்பன் உமிழ்வை அளக்கவும் குறைக்கவும் முடியும்.

தண்ணீரை மின்சாரமாக மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு கிலோலிட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 0.0027 யூனிட் தேவை. அதை உயரத்தால் பெருக்கி, பம்பின் செயல்திறனால் வகுத்தால் செலவாகும் மின்சாரம் கிடைத்துவிடும். சம்ப் எனப்படும் தரையடித் தொட்டியிலிருந்து 30 மீட்டர் உயரத்திலுள்ள மேல்தொட்டிக்கு ஏற்ற, பாதித் திறனில் ஓடும் மோட்டாருக்குக் கிலோலிட்டருக்கு 0.16 யூனிட் போதும். ஆனால் காவேரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து, வழியில் மீண்டும் மீண்டும் அழுத்தம் கொடுக்கப்பட்டு, குழாய் உராய்வையும் சேர்த்தால் சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஈடாக ஏற்றப்பட்டு நகரத்துக்கு வருகிறது. 75 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டாலும் கிலோலிட்டருக்கு 1.8 யூனிட் ஆகிறது. இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், ஒவ்வொரு கிலோலிட்டரும் 1.25 கிலோ உமிழ்வைச் சுமந்துகொண்டுதான் நம் வாசலுக்கு வருகிறது. இந்த மின்சாரம் நம் பில்லில் வராது என்பதால்தான் மோட்டாரை மாற்றுவது பற்றி மணிக்கணக்கில் பேசும் கூட்டங்கள் குழாய்க் கசிவைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்தது பதிவு. தினமும் ஒரே நேரத்தில், காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாம், மீட்டர் அளவையும் சம்ப்பின் நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். டேங்கர் லாரியின் கொள்ளளவை அப்படியே எழுதிவிடாமல், இறக்குவதற்கு முன்னும் பின்னும் சம்ப்பில் கோல் விட்டுப் பார்த்து, மட்டத்தின் வித்தியாசத்தைச் சம்ப்பின் நீள அகலத்தால் பெருக்கி எழுதுவதே நம்பகமானது. அதே வரிசையில் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை, மழை உண்டா இல்லையா, வார நாள் எது, எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள் என்பனவும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன வீடுகளின் எண்ணிக்கையை விட்டுவிடவே கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும் வாரத்தில் தண்ணீர்ச் செலவு சட்டென்று இறங்கும்; அந்த எண்ணிக்கை இல்லாத கணக்கு அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளும். கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணிக்கிறது என்றால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் ஒழுங்கான தரவில் அது பயின்றிருப்பதும் அதற்குக் காரணம்.

மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும், ஆள் இருக்கும் வீடு ஒன்றுக்கான தினச் செலவை வெப்பநிலையோடு பொருத்தி ஒரு நேர்கோடு போடுங்கள். எக்செல்லில் ‘ஸ்லோப்’, ‘இன்டர்செப்ட்’ என்ற இரண்டு சூத்திரங்கள் இதற்குப் போதும். ஒரு டிகிரி கூடினால் வீட்டுக்கு எத்தனை லிட்டர் கூடுகிறது என்பதைச் சாய்வு (ஸ்லோப்) சொல்லிவிடும். கோட்டைவிட அதிகம் கவனிக்க வேண்டியது எச்சத்தை, அதாவது கோடு சொன்ன அளவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை. கோடை மழைக்கு மறுநாள் எச்சம் குறைந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை என்று பொருள். காரணமே தெரியாமல் இரண்டு வாரம் தொடர்ந்து கூடுதலாகவே இருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கசிவு இருக்கிறதா என்பதை இரவு காட்டிக்கொடுக்கும். மேல்தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் மீட்டர் பொருத்தி, அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரையிலான மிகக் குறைந்த ஓட்டத்தைப் பாருங்கள். எல்லோரும் உறங்கும் அந்த நேரத்தில் ஓட்டம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சத்தமில்லாமல் ஒழுகும் ஒரு ஃப்ளஷ் தொட்டி நிமிடத்துக்குக் கால் லிட்டர் விட்டாலே நாளுக்கு 360 லிட்டர் போய்விடும். பத்து வீடுகளில் அப்படி இருந்தால் ஆண்டுக்கு 1,300 கிலோலிட்டருக்கு மேல். அது முழுதும் காவேரி நீராக இருந்தால் ஒன்றரை டன்னுக்கும் கூடுதலான கார்பன் டை ஆக்சைடு.

செயற்கை நுண்ணறிவு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். நிமிடத்துக்கொரு அளவு தரும் டிஜிட்டல் மீட்டர் இருந்தால், மனிதக் கண்ணால் பார்த்துத் தீராத அளவுக்குத் தரவு குவியும். வழக்கத்துக்கு மாறான ஓட்டத்தைப் பிரித்துக் காட்ட ‘ஐசொலேஷன் ஃபாரஸ்ட்’ போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன, சாதாரண லேப்டாப்பே போதும். ஆனால் இரண்டு சோதனைகளில் தேறாத எதையும் வாங்காதீர்கள். மறுநாள் தேவையைக் கணிக்கும் மாதிரி என்றால், கடைசி இரண்டு மாதத் தரவை ஒதுக்கிவைத்து, மீதத்தில் பயிற்றுவித்து, ஒதுக்கிய நாட்களுக்கு அது சொல்லும் கணிப்பை ‘போன வாரம் இதே கிழமை எவ்வளவோ அதே’ என்ற எளிய ஊகத்தோடு ஒப்பிடுங்கள்; அதைக்கூட வெல்லாத மாதிரிக்குக் காசு கொடுப்பது வீண். தேதிகளைக் குலுக்கிப் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் நாளை நடப்பதைப் பார்த்துவிட்டு இன்றைக் கணிப்பது கணிப்பாகாது. கசிவு எச்சரிக்கை என்றால், பொய் எச்சரிக்கைகளை எண்ணுங்கள். நாளில் 1,440 நிமிடங்கள். நிமிடத்துக்கொரு முறை சோதிக்கும் கருவி நூற்றுக்கு ஒன்று தவறினாலும் தினம் பதினான்கு முறை அலறும், மூன்றாம் நாள் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அரை மணி நேரம் விடாமல் நீடித்தால் மட்டும் அலறு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். சாட்ஜிபிடி போன்றவற்றை நிரல் எழுதித் தரச் சொல்லலாம். கூட்டல் கழித்தலை மட்டும் அட்டவணையே செய்யட்டும்.

பழுது பார்த்த பிறகு மிச்சத்தைக் கணக்கிடும்போது, போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், அந்த மாதம் இதைவிட வெப்பமாக இருந்திருக்கலாம். பழுதுக்கு முந்தைய கோட்டில் இந்த மாத வெப்பநிலையை இட்டுக் கிடைக்கும் அளவிலிருந்து இப்போதைய செலவைக் கழித்தால் வருவதே ஒரு வீட்டின் ஒரு நாள் மிச்சம், அதை ஆள் இருக்கும் வீடுகளாலும் நாட்களாலும் பெருக்கி, கிலோலிட்டராக்கி, 1.25ஆல் பெருக்கினால் கிடைக்கும் கிலோ கணக்கை ஆண்டறிக்கையில் எழுதலாம். போர்வெல் நீர் கலந்தால் அந்தப் பங்குக்கு மட்டும் நீர்மட்ட ஆழத்தை வைத்துத் தனியே கணக்கிட வேண்டும். மீட்டர் மாறினாலோ புதிய கட்டடம் சேர்ந்தாலோ பழைய கோடு செல்லாது. அன்றிலிருந்து மூன்று மாதம் பதிவு சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும்.