மார்க்டவுனில் தமிழ் எழுத எடிட்டர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எந்த எடிட்டர் நல்லது?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது, "நீங்கள் எழுதிய தமிழ்ப் பக்கம் ஒன்றை அதில் திறந்து அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்கிறேன். தட்டிக்கழிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

எடிட்டர்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிரல் எழுதுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தீம் எத்தனை, பிளகின் எத்தனை, எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதில் நின்றுவிடும். மார்க்டவுன் (தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றை '#', நட்சத்திரம் போன்ற எளிய குறிகளால் காட்டும் எழுத்துமுறை) வெறும் எழுத்துக் கோப்புதானே, எதில் எழுதினால் என்ன என்றும் தோன்றும். 2004இல் ஜான் குரூபர் அதை வெளியிட்டபோது, குறிகளை நீக்காமலே படிக்க முடிகிற எழுத்தாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆங்கிலத்துக்கு அது அப்படியே பொருந்தும். தமிழ் உள்ளே வந்ததும் வேறு சில கேள்விகள் முளைக்கின்றன. அவற்றைக் கேட்காமல் எடிட்டரைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடுகள்தான் கீழே இருப்பவை.

விசைப்பலகையைக் கணக்கில் எடுக்காதது

தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் எழுதுபவர்களுக்கு இது உடனே புரியும். மார்க்டவுனில் இணைப்பு கொடுக்கச் சதுர அடைப்பு வேண்டும். தமிழ்99 இயங்கும்போது திறக்கும் சதுர அடைப்பு விசையைத் தட்டினால் 'ச' விழும், மூடுவதைத் தட்டினால் 'ஞ'. ஒற்றை மேற்கோள் 'ய' ஆகிறது, சாய்கோடு 'ழ' ஆகிறது. ஆக ஒவ்வொரு இணைப்புக்கும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அடைப்பைப் போட்டு, திரும்பத் தமிழுக்கு வர வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது இணைப்பு இருந்தால் நாற்பது முறை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை மாற்ற மறந்து, "சஇங்கே பார்க்கஞ" என்று வாசகருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே எடிட்டரில் முதலில் பார்க்க வேண்டியது, அடைப்பைத் தட்டாமலே இணைப்பு போட வழி இருக்கிறதா என்பது. சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்த முகவரியை அதன்மேல் ஒட்டினால் விஎஸ் கோட் என்ற எடிட்டர் தானே இணைப்பாக்கித் தரும். வேறு பலவற்றில் பட்டனோ குறுக்குவிசையோ இருக்கும். ஆனால் தமிழ் விசைப்பலகை இயங்கும்போதும் அந்தக் குறுக்குவிசை வேலை செய்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சிலவற்றில் செய்வதில்லை.

எழுத்து விசைகளையே கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் விம் எடிட்டரின் பிரியர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்கேப் அழுத்திவிட்டு ஒரு வரியை அழிக்க 'டி' விசையை இருமுறை தட்டினால், தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கையில் விம்முக்குப் போவது இரண்டு 'உ'. அது பேந்தப் பேந்த விழிக்கும். தட்டச்சு நிலையில் மட்டும் தமிழ் வரும்படி விம்மின் கீமேப் வசதியால் அமைக்கலாம். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் தமிழ் உள்ளீட்டு முறைகள் கூடவே வருகின்றன, அவை இயங்கும்போதும் கட்டளை விசைகள் குழம்புவதில்லை. எகலப்பை போல வெளியிலிருந்து தமிழ் தரும் மென்பொருளோடு இந்த இரண்டையும் பயன்படுத்துபவர்கள்தான் சீக்கிரம் வெறுத்துப்போகிறார்கள்.

முன்னோட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். முன்னோட்டம் என்பது, குறிகள் நீங்கி எழுத்து எப்படித் தெரியும் என்று எடிட்டர் காட்டும் பகுதி. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வரும். ஆங்கிலத்தில் தடித்த சொல்லுக்குப் பின் பெரும்பாலும் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருக்கும். நாம் 'சென்னை' என்பதைத் தடித்துவிட்டு 'யில்' என்பதை ஒட்டி எழுதுவோம்.

இதில் மூன்று நிலைகள் உண்டு. நட்சத்திரக் குறி போட்டு \*\*சென்னை\*\*யில் என்று எழுதினால் பிரச்சினையில்லை. கீழ்க்கோடு போட்டு \_சென்னை\_யில் என்று எழுதினால், மார்க்டவுனை வரையறுத்து 2014இல் வெளிவந்த காமன்மார்க் விதிப்படி அது சாய்வெழுத்தாகாது; கீழ்க்கோடுகள் அப்படியே தெரியும். சொல்லின் நடுவே வரும் கீழ்க்கோட்டைக் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நிரலர்கள் மாறிகளின் பெயரில் கீழ்க்கோடு போடுவார்கள் இல்லையா, அவர்களுக்காக வைத்த விதி நம் உருபைக் கடிக்கிறது.

மூன்றாவது நிலைதான் மோசம். மேற்கோளையும் சேர்த்துத் தடித்து, \*\*"சென்னை"\*\*யில் என்று எழுதினால், நட்சத்திரமே போட்டிருந்தாலும் தடிக்காது. மூடும் குறிக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அது மூடும் குறியே அல்ல என்கிறது காமன்மார்க். பிறை அடைப்புக்கும் இதே கதிதான். மேற்கோளை வெளியே தள்ளி "\*\*சென்னை\*\*"யில் என்று எழுதினால் சரியாகிவிடும்.

எடிட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு எடிட்டரின் முன்னோட்டமும் ஒவ்வொரு விதியைப் பின்பற்றலாம். குரூபரின் பழைய மார்க்டவுனைப் பின்பற்றும் முன்னோட்டத்தில் மேற்சொன்ன மூன்றும் அழகாகத் தடித்தும் சாய்ந்தும் தெரியும். அதைப் பார்த்துத் திருப்தியோடு அனுப்பினால், காமன்மார்க்கைப் பின்பற்றும் தளத்தில் போய்ப் பக்கமெல்லாம் நட்சத்திரம் பூத்திருக்கும். '#' குறிக்கும் தலைப்புக்கும் இடையே இடைவெளி விடாமல் எழுதுவதும் இப்படித்தான்: பழைய விதியில் தலைப்பு, காமன்மார்க்கில் வெறும் வரி. உங்கள் எழுத்து கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறதோ, அந்த இடத்தின் விதியைப் பின்பற்றும் முன்னோட்டம் உள்ள எடிட்டரைத்தான் தேட வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே [[சென்னை]]யில் என்று எழுதினால் 'சென்னையில்' என்று முழுச்சொல்லும் இணைப்பாகிவிடும். ஒட்டி வரும் தமிழ் எழுத்துகளையும் இணைப்பில் சேர்த்துக்கொள்ளும்படி அங்கே அமைத்திருக்கிறார்கள். மார்க்டவுனுக்கு அந்த யோகம் இல்லை.

வரி இறுதி இடைவெளியை எடிட்டர் துடைத்துவிடுவது

வரியின் முடிவில் இரண்டு இடைவெளி விட்டால் அடுத்த வரி தனியே விழும். மார்க்டவுனில் கவிதை எழுதுபவர்களின் பிழைப்பே இதில்தான். கோப்பைச் சேமிக்கும்போது வரி இறுதி இடைவெளிகளைத் துடைக்கும் பழக்கம் நிரலர்களுக்கான எடிட்டர்கள் பலவற்றில் உண்டு. நிரலுக்கு அது சுத்தம், வெண்பாவுக்குக் கொலை. ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பை ஒழுங்கு செய்து தருகிறேன் என்று வாங்கி, நாற்பது கவிதைகளையும் நாற்பது பத்திகளாக்கித் திருப்பிக் கொடுத்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று காணாமல் போனதால் இரண்டு நாள் வரை எனக்கே தெரியவில்லை.

அந்த அமைப்பை மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் நிறுத்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரி இறுதியில் பின்சாய்கோடு போடுங்கள். காமன்மார்க் அதையும் வரி முறிவாக ஏற்கும், கண்ணுக்கும் தெரியும்.

கறுப்புத் திரை மோகம்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரையில், எழுதுவது ஒரு கெத்துதான். ஆனால் டெர்மினல் திரை என்பது கட்டம் கட்டமாகப் பிரித்த சதுரங்கப் பலகை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் அடிப்படை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு, அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் அது 'க'வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கட்டத்துக்குள் இதையெல்லாம் அடைக்கும்போது கொம்பு ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம் நிற்கும், கர்சர் நிற்கும் இடத்துக்கும் எழுத்து விழும் இடத்துக்கும் தொடர்பிருக்காது. சில டெர்மினல்கள் பரவாயில்லை. ஆனாலும் நீண்ட கட்டுரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈமேக்ஸைத் தனிச் சாளரத்தில் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்க அது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

சம அகல எழுத்துரு என்ற பேச்சும் இங்கே சேர்த்தி. ஆங்கிலத்துக்குப் பிரமாதமான நிரலர் எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே கிடையாது. எடிட்டர் வேறெங்கிருந்தோ தமிழைக் கடன் வாங்கிக் காட்டும், அந்தக் கடன் எழுத்து சின்னதாகவோ வரியை இடிப்பதாகவோ இருக்கும். தமிழுக்கென ஓர் எழுத்துருவையும் வரி இடைவெளியையும் நீங்களே குறிப்பிட வழி இருக்க வேண்டும்.

இன்னும் சில, சுருக்கமாக

விண்டோஸ் நோட்பேட் போதும் என்பவர்கள் உண்டு. 2019 முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அது இயல்பாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் ஆன்சி என்ற பழைய குறியாக்கம் இருப்பதை மாற்றாமல், வரும் எச்சரிக்கையையும் தாண்டிச் சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8இலும் 'பாம்' என்ற கண்ணுக்குத் தெரியாத குறியோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று என இரு வகை இருக்கிறது. பாம் இல்லாததையே தேர்ந்தெடுங்கள். கோப்பில் பாம் இருக்கக் கூடாது என்று, மார்க்டவுன் கோப்புகளை இணையதளமாக்கும் ஜெக்கிலின் ஆவணமே எச்சரிக்கிறது.

தேடல் பெட்டியைச் சோதிக்காமல் விடாதீர்கள். 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பிடிஎஃபிலிருந்து ஒட்டிய பத்தியில் 'கொள்கை' என்று தேடி, கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் சொல் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

சொல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்கள் எடிட்டரின் எண்ணிக்கையை ஒருமுறை கையால் எண்ணிச் சரிபார்ப்பது நல்லது. துணைக்குறிகளை எழுத்தாகக் கருதாத பிளகின் 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என இரண்டு சொல்லாக எண்ணும். ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த பிளகின் சுழியம் காட்டும். முதலாவது நமக்கு லாபம்தான், ஆனால் கொடுப்பவரும் எண்ணிப் பார்ப்பார்.

எடிட்டரைப் பிடித்தபின் மொழியைத் தேடுவது

எடிட்டர் பிடித்துவிட்டது, அதில் மார்க்டவுன் வருகிறது, ஆகவே மார்க்டவுன் என்று முடிவெடுப்பது தலைகீழ் வேலை. கட்டுரைக்கு மார்க்டவுன் போதும். இருநூறு பக்கக் கையேடு, "4ஆம் இயலைப் பார்க்க" என்ற குறுக்குச் சுட்டுகள், சொல்லடைவு என்றால் ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் போன்ற வேறு குறிமொழி தேவைப்படும். பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் இரண்டாவதில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அதன் கட்ட அட்டவணையில் கோடுகள் எழுத்தெண்ணிக்கைப்படி பொருந்தியாக வேண்டும்; தமிழில் அது வதை. பட்டியல் வடிவில் அட்டவணை எழுதும் வழியும் அதிலேயே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு முன்னோட்டம் காட்டும் எடிட்டர்கள் குறைவு என்பதால் தேர்வும் தானே சுருங்கிவிடும்.

எடிட்டரோடு கல்யாணம் செய்துகொள்வது

கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் எடிட்டரைப் பலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2022 டிசம்பர் 15 அன்று அதை மூடிவிட்டார்கள். சோதனைப் பதிப்பாக இலவசமாய் இருந்த டைப்போரா என்ற மார்க்டவுன் எடிட்டர் 2021 நவம்பரில் 1.0 வந்தபோது கட்டண மென்பொருளானது. இரண்டிலுமே எழுதியவர்களின் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவை சாதாரண எழுத்துக் கோப்புகள். குறிப்புகளைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொண்டு, ஏற்றுமதி பட்டனை மட்டும் காட்டும் செயலிகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி கோப்புகளை நம் கோப்புறையிலேயே வைக்கிறது, அது நல்லது. ஆனால் அதன் இரட்டைச் சதுர அடைப்பு இணைப்புகள் காமன்மார்க்கில் கிடையாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தபின் வேறிடம் போகத் தோன்றினால் கஷ்டம். அமைப்புகளில் சாதாரண மார்க்டவுன் இணைப்பாக மாற்றிக்கொள்ளலாம். அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

நான் சொன்ன அந்தத் தமிழ்ப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உருபு ஒட்டிய தடித்த சொல் ஒன்று, மேற்கோளோடு தடித்தது ஒன்று, இரண்டு இடைவெளியில் முடியும் நாலு வரிக் கவிதை, ஓர் இணைப்பு, பிடிஎஃபிலிருந்து ஒட்டிய பத்தி, மூன்று வரிசை அட்டவணை. இவ்வளவையும் ஒட்டிச் சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். பின் தமிழ் விசைப்பலகையை மாற்றாமலே பத்து வரி எழுதுங்கள். நான் இப்போது பயன்படுத்தும் 'கேட்' (Kate) எடிட்டர் இதில் அட்டவணை தவிர எல்லாவற்றிலும் தேறியது. அட்டவணையில் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும் எடிட்டர் இன்னும் எனக்கு அகப்படவில்லை. கோடு கோணினாலும் மார்க்டவுன் கோபித்துக்கொள்ளாது என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டேன்.