வளரும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி: ஒரு கயிற்றிலிருந்து தொடங்கலாம்

போன கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. கடலை மாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய் நார் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள் அக்கா. தோல் எரிந்ததுதான் மிச்சம். அது அழுக்கே இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடம்பில் அளவுக்கு மீறிச் சுரந்தால், பெரும்பாலும் இப்படித்தான் தோலில் தெரியவரும். டாக்டர் ரத்தம் பார்த்தார், மாத்திரை எழுதவில்லை. "தினமும் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லுங்க" என்றதோடு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எப்படிப் பண்ணுவது என்பதை நாங்களே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கயிறு எடுங்கள், எடை மெஷினை ஒளித்து வையுங்கள்

ஒரு சணல் கயிற்றில் பிள்ளையின் உயரத்தை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எடை ஏன் வேண்டாம்? வளரும் வயதில் எடை கூடத்தான் செய்யும். தவிர, எடை ஒரு கிலோகூடக் குறையாமலே உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். ஒல்லியாக இருப்பதும் உத்தரவாதம் இல்லை. புனேயில் பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவாக இருந்தும், உடலில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்று அங்குள்ள டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு காட்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே, சர்க்கரையின் சில மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு விஷயத்தில்தான் ஏமாந்துபோவோம். ரிப்போர்ட்டில் பொதுவாக 150 வரை நார்மல் என்று அச்சிட்டிருக்கும். அது பெரியவர்களுக்கான கணக்கு. 10 முதல் 19 வயது வரை 90க்குக் கீழே இருந்தால்தான் நல்லது, 130ஐத் தொட்டாலே அதிகம்.

இன்சுலின் ஊசி போடும் பிள்ளை, ஆஸ்துமா உள்ள பிள்ளை, ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்த பிள்ளை என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்

சும்மா "ஓடு" என்றால் ஓடாது. காரணம் புரிந்தால் ஓடும்.

நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் வருகிறது. அதை அதிகம் வாங்கி வைத்துக்கொள்வது தசை. அதன் கதவைத் திறக்க வழக்கமாக இன்சுலின் வேண்டும். ஆனால் தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமலே குளுட்4 என்ற புரதம் செல்லின் உள்ளேயிருந்து மேலே வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக மசியும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோனால் இன்சுலினின் வேகம் இயல்பாகவே சற்று மந்தமாகும். அந்த நேரம் பார்த்துத்தான் நாமும் பிள்ளையை டியூஷனில் உட்கார வைக்கிறோம்.

படி 3: முதல் இரண்டு வாரம், நடை மட்டும்

மாலையில் 20 நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். இரவு சாப்பிட்ட பின் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சர்க்கரை ஏறுவது குறையும்.

படி 4: மாடிக்குப் போங்கள்

5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடலுழைப்பு, அதில் வாரம் மூன்று நாளாவது மூச்சு வாங்கும் பயிற்சியும் தசை, எலும்பை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 'சராசரி' என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் 40, மறுநாள் 80 என்றாலும் கணக்கில் சேரும். பள்ளிக்குச் சைக்கிள் மிதிப்பதும் சேரும். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்காமல் இருந்தால் அதுவும்.

2016 கணக்கின்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் இந்த அளவைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளில் 78. நம் வீடுகளில் வயதுக்கு வந்ததும் தெருவிளையாட்டு நின்றுவிடுகிறதே! எங்களுக்குக் கைகொடுத்தது மொட்டை மாடியும் ஒரு ஸ்கிப்பிங் கயிறும். "குதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பாட்டி தடுத்தார். அதில் உண்மை இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகுதான் கயிற்றை விட்டார். 30 விநாடி குதி, 30 விநாடி நில். இப்படி ஐந்து முறை. வாரா வாரம் ஒரு முறை கூட்டுங்கள்.

வாரம் மூன்று நாள் இதோடு பஸ்கியும் தண்டாலும். தொடையும் பிட்டமும் உடம்பின் பெரிய தசைகள், அதனால் பஸ்கிதான் முதலில். பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், உட்காரப் போவதுபோல் இறங்கி, ஸ்டூலைத் தொட்டதும் எழுந்திருக்க வேண்டும். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு. தண்டால் தரையில் வராவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம்.

முடிந்ததும் தண்ணீர் போதும். கலர் கலரான ஸ்போர்ட்ஸ் டிரிங்க், பாக்கெட் ஜூஸ் எல்லாம் செலவழித்த சர்க்கரையைத் திரும்ப ஊற்றுகிற வேலை.

படி 5: இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதீர்கள்

ஞாயிறன்று மூன்று மணி நேரம் கிரிக்கெட், மற்ற ஆறு நாளும் நாற்காலி என்றால் புதன்கிழமைக்குள் பலன் கரைந்துவிடும். அதிலும் பவுண்டரி ஓரம் நிற்பவன் எவ்வளவு ஓடினான் என்று யாருக்குத் தெரியும்? பரீட்சை நேரத்தில் அரை மணி கிடைக்காது, சரி. பத்து நிமிடம் ஸ்கிப்பிங் ஆடிவிட்டுப் புத்தகத்தை எடுக்கட்டும்.

படி 6: மூன்று மாதம் கழித்து

எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அதற்குமுன் திரும்ப எடுத்தால் காசுதான் வீண். கழுத்துக் கறுப்பு இன்னும் மெதுவாகத்தான் மங்கும். அதைத் தினமும் கண்ணாடியில் பார்க்க விடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். இடுப்பை மறுபடி அளக்கும்போது பழைய கயிறு உதவாது. பிள்ளை வளர்ந்திருக்கும், புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.