பழைய பாப் பாட்டை இரண்டு ரெக்கார்டருக்கு எழுதுவது எப்படி?

இரண்டு சோப்ரானோ ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் சின்னக் குழல்), நன்றாகத் தெரிந்த ஒரு பழைய பாப் பாட்டு, அதன் கிட்டார் கார்டுகள் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), ஒரு பென்சில். இவ்வளவு போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுவதுதானே என்று யாராவது சிரித்தால், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பிரையன் ஜோன்ஸே 1967இல் வெளிவந்த ஒரு பாட்டில் இதை வாசித்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

முதல் வேலை, ஸ்கேல். சோப்ரானோவில் சி-க்குக் கீழே ஸ்வரமே கிடையாது. மேலே, அடுத்த ஆக்டேவின் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை ஒரு ஆக்டேவ்) டி வரை சுலபம். மேல் ஈ முதல் பின்பக்க ஓட்டையைக் கட்டைவிரலால் பாதி மூட வேண்டும். பெரும்பாலான மெட்டுகள் ஏறக்குறைய ஒரு ஆக்டேவுக்குள் அடங்கும். அதைக் கீழ் ஈ-க்கும் மேல் ஈ-க்கும் நடுவில் வையுங்கள். இன்னும் கீழே போனால், மெட்டுக்குக் கீழே மற்றவர் வாசிக்கும் இரண்டாம் குரலுக்கு இடம் இருக்காது. சி, எஃப், ஜி மேஜர் ஸ்கேல்களில் ஒன்று அநேகமாக ஒத்துவரும்.

அடுத்து இரண்டாம் குரல். மெட்டின் ஸ்வரத்துக்குக் கீழே ஒன்றை விட்டு அடுத்ததைப் போடுங்கள்: ஜி-க்கு ஈ, எஃப்-க்கு டி. அப்புறம் கார்டோடு ஒப்பிடுங்கள். சி கார்டின்மேல் ஜி வந்தால் ஈ அழகாகச் சேரும். ஜி கார்டில் இருப்பவை ஜி, பி, டி. அங்கே ஈ இடிக்கும், டி போடுங்கள். நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் இப்படித் திருத்தினால் போதும். ஓடிப்போகும் சின்ன ஸ்வரங்களைக் காது கண்டுகொள்ளாது.

ஆனால் பாட்டு முழுக்க இப்படி ஒட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் திகட்டிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரெக்கார்டரில் மெதுவாக ஊதினால் ஸ்ருதி இறங்கும், பலமாக ஊதினால் ஏறும். அதனால் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூச்சில் அல்ல, நீங்கள் எழுதுவதில்தான் இருக்கிறது. சரணத்தை ஒருவர் தனியாக வாசிக்கட்டும், பல்லவியில் இருவரும் சேரட்டும். மெட்டு வரிமுடிவில் நிற்கும்போது மற்றவர் நகரட்டும். கீழ் சி, டி இரண்டும் மெலிந்த ஸ்வரங்கள், மேலே ஒலிக்கும் மெட்டு அவற்றை விழுங்கிவிடும். முக்கியமான இடத்தை அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காதபடி மூச்சுக்குறியும் போட்டுவிடுங்கள்.

இனி வாசிக்கலாம். கொடைக்கானல் காலைக் குளிரில் எடுத்தவுடன் ஊதினால் ஸ்ருதி கீழேதான் நிற்கும். தலைப்பகுதியைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்குங்கள். பிறகு ஒருவர் ஜி, மற்றவர் ஈ பிடியுங்கள். ஸ்ருதி ஏறி இருப்பவர் தலைப்பகுதியை நூலளவு வெளியே இழுக்கட்டும். சரியாகச் சேர்ந்தால் காதுக்குள் அடியில் மூன்றாவதாக ஒரு சி ரீங்காரமிடும். நடுவில் சத்தம் அடைத்துக்கொண்டால் உள்ளே மூச்சு நீர்த்துளியாகிவிட்டது என்று அர்த்தம். மேலே உள்ள சின்ன ஜன்னலை விரலால் லேசாக மூடி, ஒரு தடவை பலமாக ஊதிவிட்டுத் தொடருங்கள்.