கொய்யா இலைக் கஷாயம்: இனிப்புநீர் உள்ளவர்களுக்கான செய்முறை

கொய்யா இலையின் வேலை பெரும்பாலும் குடலில் நடக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை இலையிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் மந்தப்படுத்துகின்றன. சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை மெல்ல ஏறும். இன்சுலினுக்குச் சரியாக அசையாத உடம்புக்கு அந்த அளவில் சுமை குறையும். அந்த இன்சுலின் எதிர்ப்பையே தீர்க்கும் மருந்தென்று நம்ப வேண்டாம். வெறும் வயிற்றில் குடித்தால் பெரிய பலனில்லை. சாப்பாட்டோடு குடிக்க வேண்டும்.

மலேசியாவில் செந்தூலிலோ ஆயர் ஈத்தாமிலோ வீட்டுப் பின்புறம் நிற்கும் ஜம்பு (கொய்யா) மரமே போதும், பூச்சிமருந்து அடிக்காததாக இருந்தால். கொழுந்தை விட்டுவிட்டு அடுத்த மூன்று, நான்கு ஜோடி இலைகளைப் பறியுங்கள். இலையின் அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் ஒதுக்குங்கள்.

காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குவித்து வைத்த இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவித் துடைத்து, ஒற்றை அடுக்காக ஃபேன் காற்றில், நிழலில் பரப்புங்கள். விரலால் நொறுக்கினால் அப்பளம்போல் உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். பூஞ்சண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், கொதிக்கவைத்தாலும் அதன் நச்சு போகாது.

எவர்சில்வர் பாத்திரத்தில் 500 மி.லி. தண்ணீர், நொறுக்கிய இலை 5 கிராம். கொதி வந்ததும் மூடி, சிறுதீயில் 10 நிமிடம். அதற்குமேல் விட்டால் டானின் மிகுந்து துவர்க்கும், மலச்சிக்கலும் வரலாம். வடிகட்டி, ஒரு வேளைக்கு 200 மி.லி. தேனோ, சூசு மானிசோ (இனிப்புக் கெட்டிப்பால்) சேர்த்தால் செய்த வேலையே வீண். டானின் இரும்புச்சத்தைத் தடுப்பதால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

வேலை செய்கிறதா என்பதை மீட்டரில் பாருங்கள். அதே இரண்டு தோசை, அதே சட்னி. ஒரு நாள் கஷாயத்தோடு, ஒரு நாள் இல்லாமல், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளவு எடுங்கள். ஒரே அளவை நம்பாதீர்கள், சில முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குறையவில்லையென்றால் உங்களுக்கு இது உதவவில்லை, அவ்வளவுதான்.

கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை 4.0 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி அளவு பாருங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேப்சூல் வாங்குவதானால் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) பதிவு எண்ணும், எண்களுக்குப் பின் 'டி' (T) எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து, மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) தளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபாருங்கள். மூலிகை என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து மறைத்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் சர்க்கரை தடாலென்று இறங்கினால் சந்தேகப்படுங்கள்.