சிகரெட்டை விடத் தேதி குறிக்கிறீர்களா? முதல் மாதத்துக்கான செய்முறை

சிகரெட்டை விட நினைப்பவர்கள் பெரும்பாலும் "முதல்ல குறைச்சுக்கிறேன்" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த இலக்கை எட்டினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்தால் மிச்சம் இருப்பதை ஆழமாக இழுப்பதும் நடக்கும். அதனால் இலக்கு இப்படி இருக்கட்டும்: இன்ன தேதி காலை எழுந்ததிலிருந்து ஓர் இழுப்புகூட இல்லை.

படி 1: தேதி

இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, ஆபீஸில் மாதக் கடைசி நெருக்கடி ஆகியவை அதற்கடுத்த மூன்று நாளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் சுமார் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது சுமார் 39 சதவீதம்.

படி 2: நான்கு நாள் கணக்கு

சிகரெட் பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டை மடித்து வையுங்கள். ஒவ்வொரு தம்முக்கும் முன்னால் மணி, இடம், உடன் யார், எவ்வளவு தவிப்பு (1 முதல் 5) என்று எழுதுங்கள். நான்கில் ஒன்று விடுமுறை நாளாக இருக்க வேண்டும். அன்றைய பழக்கமே வேறு. பலருக்கும் வருவது நான்கைந்து நேரங்கள்தான்: எழுந்தவுடன், டீயோடு, சாப்பிட்ட பின், போன் பேசும்போது, காலையில் "தம் அடிச்சாத்தான் வயிறு இறங்கும்" என்ற நேரம்.

படி 3: வந்தால் என்ன செய்வது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். இலக்குகள் ஏன் தவறுகின்றன என்று ஆராய்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வலியுறுத்திய முறை இது. வரியில் இருக்க வேண்டியது ஒரு செயல். "டீ குடிக்கும்போது பிடிக்க மாட்டேன்" என்று எழுதினால் அந்த நேரத்தில் கைக்கு வேலை எதுவும் இருக்காது. "டீ கிளாஸ் கைக்கு வந்ததும் கடைக்குள் போய் பெஞ்சில் உட்காருவேன்", "சாப்பிட்டு எழுந்ததும் பல் துலக்குவேன்" என்று எழுதுங்கள். தவிப்பு வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும்; அந்தச் செயல் அதுவரை தாங்கினால் போதும். மலச்சிக்கல் முதல் சில வாரங்களுக்கு உண்மையிலேயே வரலாம். தண்ணீர், கீரை, பழம் ஆகியவற்றை முன்கூட்டியே கூட்டுங்கள்.

படி 4: நிக்கோட்டின் கம்

புகையில்லாமல் கொஞ்சம் நிக்கோட்டினைக் கொடுத்துத் தவிப்பைத் தணிக்கும் சூயிங்கம் இது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுரீர் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா வேண்டாம். புளிப்பு நிக்கோட்டினை வாயில் உறிஞ்ச விடாது. முதல் ஆறு வாரம் தவிப்பு வரும்வரை காத்திருக்காமல் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம். நாளுக்கு 24ஐத் தாண்டக் கூடாது.

படி 5: முந்தைய இரவு

லைட்டர், ஆஷ்டிரே, சட்டைப் பையில் கிடக்கும் ஒற்றைச் சிகரெட் எல்லாம் வெளியே. உடன் புகைக்கும் நண்பரிடம் இப்படியே சொல்லுங்கள்: "மாப்ள, எனக்கு நீட்டாத. நானே கேட்டாலும் குடுக்காத." சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை, பாக்கெட்டைத் தூக்கி எறியும் முன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் வாரம்

எரிச்சலும் தவிப்பும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். பலரும் கவனிக்காத ஒன்று காபி. புகையில் உள்ள பொருள்கள் காஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும்; அதே காபி படபடப்பாகவும் தூக்கமின்மையாகவும் மாறும். காபி, டீயைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்கள், அதே காரணத்துக்காக, மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடை கூடும். ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. முதல் மாதம் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். டயட்டைப் பிறகு பார்க்கலாம்.

சறுக்கினால்

ஒன்று பிடித்துவிட்டால் "சரி, திங்கள்கிழமையிலிருந்து" என்று புதிதாகத் தேதி குறிக்காதீர்கள். அந்த இடைவெளியில்தான் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். கையில் இருப்பதை அணைத்து, மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். எந்த நேரம், யாரோடு என்று சீட்டில் சேர்த்து, அதற்கும் ஒரு "நடந்தால், செய்வேன்" வரியை அன்றே எழுதுங்கள். மது குடிக்கும் இடத்தில் சறுக்கியிருந்தால் வரி எழுதிப் பயனில்லை. அந்த மாதம் முழுக்க அங்கே போகாமல் இருப்பதுதான் வழி.